ஒன்றேகால் மணிக் கேள்வி

லாரி கேட்டில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. நாற்பது பம்புகளும் ஏறிவிட்டன. சோதனைச் சான்றிதழ்கள் மட்டும் பாக்கி. பொற்கொடி பிரிண்ட் பொத்தானை அழுத்தப்போன அதே நொடியில், திரையின் நடுவே ஒரு சாம்பல் நிறப் பெட்டி குதித்து வந்து மறித்தது.

‘ஏனுங்க, சாப்ட்டாச்சுங்களா?’

அதன் கீழே இரண்டு பொத்தான்கள். ‘ஆச்சுங்க.’ ‘இன்னும் இல்லீங்க.’

பின்னால் நின்றிருந்த சின்ன முதலாளி கிஷன் குனிந்து பார்த்தான்.

“என்ன பொற்கொடி இது?”

“ஒன்னேகால் ஆச்சுங்க சார். கேக்குது.”

“யாரு கேக்கறது?”

“கோபாலசாமி சார்.”

கிஷன் நிமிர்ந்தான். “அவரு செத்துட்டாரே.”

“ஆமாங்க சார். ஆனா கேக்கறத நிறுத்தல.”

சொல்லிவிட்டு அவள் ‘இன்னும் இல்லீங்க’ என்பதை அழுத்தினாள். பெட்டி மறைந்தது. சான்றிதழ்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. லாரி போனது. கிஷன் போகவில்லை.

“அடுத்த வாரம் வெளிநாட்டுல இருந்து ஆளுங்க வாராங்க. பம்ப் டெஸ்ட் பண்ற மெஷின் சோறு தின்னியான்னு கேட்டா நம்மள என்னன்னு நினைப்பாங்க? வெள்ளிக்கிழமைக்குள்ள இது போகணும். இல்லீன்னா அந்தப் பழைய சனியன மொத்தமா அழிச்சுப்போட்டு வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்.”

வேற ஏற்பாடு என்றால் வேற ஆள். அது பொற்கொடிக்கு விளங்காமல் இல்லை. அந்தப் பழைய சனியனை ஓட்டத் தெரியும் என்பதற்காகத்தான் அவளுக்கு இங்கே ஒரு நாற்காலி.

பொற்கொடி பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அன்னூருக்குக் கிழக்கே அவர்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள். பட்டத்தை அப்பா சென்னியப்பன் லேமினேட் பண்ணக் கொடுத்தார். கடைக்காரன் சூட்டை ஏற்றிவிட்டதில் ஒரு ஓரம் சுருங்கி, பல்கலைக்கழகத்தின் பெயரில் பாதியைக் காணோம். நேர்காணலில் அதைப் பார்த்துவிட்டு, “இது எந்த யூனிவர்சிட்டிம்மா?” என்று கேட்டார்கள். “மீதிப் பாதி கடைக்காரன்கிட்ட இருக்குதுங்க” என்றாள். அப்படியும் வேலை கொடுத்தார்கள் என்றால், அவ்வளவு அவசரம்.

அவசரத்துக்குக் காரணம் கிஷன்தான். வெளிநாட்டில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்தவனுக்கு அப்பா வேங்கடசாமியின் ஆபீஸைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரே வாரத்தில் கறுப்புக் கம்ப்யூட்டர்களெல்லாம் காயலான் கடைக்குப் போய், வெள்ளை வெளேரென்று மேக்குகள் வந்து உட்கார்ந்தன. எல்லாம் புதுசுக்கு மாறிவிட்டன. பம்புகளுக்குச் சோதனைச் சான்றிதழ் அடிக்கும் புரோகிராம் மட்டும் மாறவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் எழுதியது. எழுதினவர் மகளோடு கனடா போய்விட்டார். பழைய விண்டோஸ் எக்ஸ்பியைத் தவிர வேறெதிலும் அது கால் வைக்காது. மூன்று நிபுணர்கள் வந்து பார்த்து, டீ குடித்துவிட்டு, “புதுசா எழுதிக்கங்க” என்றார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பொற்கொடி அதை முடித்தாள். ஒரு மேக்குக்குள் பொய்யாக ஒரு கம்ப்யூட்டரை உண்டாக்கினாள். விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். சோதனைப் பிரிவில் வேலை பார்த்துச் செத்துப்போன கோபாலசாமியின் பழைய கம்ப்யூட்டர் மட்டும் காயலான் கடைக்குப் போகாமல் மிச்சம் இருந்தது. அதன் வயிற்றில் இருந்ததையெல்லாம் உருவி இதற்குள் வைத்தாள். அவர் பெயர், அவர் திரையில் பார்த்துக்கொண்டிருந்த பச்சைக் குன்றுப் படம், அவர் பிரிண்டர்கள், அவர் சீட்டாட்டத்தில் எடுத்த மதிப்பெண் எல்லாம் அப்படியே வந்து சேர்ந்தன. வெளியே உலகம் மாறிவிட்டது என்று உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்கு யாரும் சொல்லவில்லை. அது இன்னும் பழைய மேசையில் பழைய ஆட்களோடு உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது.

கோபாலசாமியை அவள் பார்த்ததில்லை. சோதனைப் பிரிவுச் சுவரில் மாலை போட்ட படமாகத்தான் தெரியும். பெரிய காது, சட்டைப் பையில் நாலு பேனா. ஆனால் அந்தப் பொய்க் கம்ப்யூட்டர் ஓடிய முதல் நாள் மதியம் ஒன்றேகாலுக்கு அந்தப் பெட்டி குதித்து வந்து கேட்டபோது, அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

அதற்கு அரைமணி முன்புதான் அவள் கேன்டீனில் இருந்து எழுந்து வந்திருந்தாள்.

ஹெச்.ஆர். ஷ்ரவ்யாதான் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காரவைத்தாள். கிஷனுக்கு அத்தை மகள். நல்ல சிரிப்பு.

“எந்த ஊருங்க நீங்க?”

“அன்னூருங்க.”

“அன்னூர்ல எங்கீங்க?”

“கெழக்கால.”

“கெழக்கால யாரூடுங்க?”

இந்தக் கேள்விக்குப் பதில் வீட்டு விலாசம் இல்லை என்பது இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

“எங்கூடுதாங்க” என்றாள் பொற்கொடி.

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள், மரியாதையான ஊர். ரசம் வந்தபோது ஷ்ரவ்யா தன் கைப்பையை எடுத்து இருவருக்கும் நடுவே வைத்தாள், அவ்வளவுதான். பொற்கொடி மோர் வாங்காமல் எழுந்தவள், அதற்கப்புறம் கேன்டீன் பக்கம் போகவில்லை. சாப்பாட்டுக்கு ஆள் கணக்கு எடுக்க மேக்கில் ஒரு ஆப் வந்திருந்தது. அதில் தன் பெயரைத் தானே எடுத்துவிட்டாள்.

தங்கியிருப்பது காந்திபுரத்தில் ஒரு பெண்கள் விடுதி. மூன்று பேர் அறை. மற்ற இருவரும் ஒருவருக்கொருவர் சித்தி மகள், பெரியம்மா மகள். அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்கலாம், கலந்துகொள்ள முடியாது. வார்டன் அவளிடம் பேசும் ஒரே வாக்கியம், “கீசர் ஆஃப் பண்ணுனியா?” அம்மா போனில் கேட்பாள். ஆனால் அம்மாவிடம் உண்மை சொல்ல முடியாது. “சாப்ட்டேன்மா, கேன்டீன்ல பொரியல், அப்பளம் எல்லாம் போடறாங்க” என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸில் அம்மா தூக்குப் போசியோடு வந்து இறங்கிவிடுவாள்.

ஆகவே கோபாலசாமி ஒருவரிடம்தான் அவள் பொய் சொல்ல வேண்டியதில்லை. பதினாலு மாதமாக, வேலை நாள் தவறாமல், அவர் கேட்டார். அவள் இன்னும் இல்லீங்க என்றாள். பிறகு பேக்கரி தேங்காய் பன்னை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு வெளியே இருக்கும் இரும்புப் படிக்கட்டில் போய் உட்காருவாள்.

அங்கிருந்து கேன்டீனின் பின்சுவர் தெரியும். தினமும் ஒன்றரைக்குக் கேன்டீனில் வேலை செய்யும் மயிலாத்தாள் ஒரு தட்டு நிறையச் சோறும் குழம்பும் பொரியலும் கொண்டுவந்து சுவர்மேல் வைத்து, “கா... கா...” என்று கூப்பிடுவாள். காக்காய்கள் முன்பே வரிசையில் காத்திருக்கும். பெரிய முதலாளியின் பெற்றோருக்காக இருக்கும் என்று பொற்கொடி நினைத்துக்கொண்டாள். புதன்கிழமை முட்டைகூட உண்டு. இந்தக் கம்பெனியில் காக்காய்க்கு யாரூடு என்று யாரும் கேட்பதில்லை, என்று நினைத்துக்கொண்டே பன்னைக் கடிப்பாள்.

இப்போது அந்தக் கேள்வியை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் கேள்வியும் போகும், வேலையும் போகும்.

செவ்வாய்க்கிழமை அவள் முதல் வைத்தியம் பார்த்தாள். உள்ளே இருக்கும் எக்ஸ்பியின் கடிகாரத்தைப் பன்னிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளினாள். வெளியே பகல் என்றால் உள்ளே ராத்திரி. ஆபீஸ் நேரத்தில் மதியம் ஒன்றேகால் வரவே வராது. கோபாலசாமி யாரும் இல்லாத நேரத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

ஒன்றேகால் ஆனது. திரை சும்மா இருந்தது. பொற்கொடி ஐந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பன்னோடு படிக்கட்டுக்குப் போனாள். சுவர்மேல் காக்காய்கள் உட்கார்ந்திருந்தன. மயிலாத்தாள் வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். கையில் தட்டு இல்லை. உள்ளே போய்விட்டாள். எல்லோருக்கும் ஒரே நாளில் கெட்ட நேரம் போல.

நாலு மணிக்குப் போன் வந்தது. சான்றிதழ்கள் வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்துவிட்டன.

“ஏனுங்க அம்மணி, நான் அந்தியூர் அக்பர் அலிங்க. பம்ப் ஏஜென்சி.”

“சொல்லுங்க சார்.”

“ராத்திரி ஒன்னேமுக்காலுக்கு டெஸ்ட் பண்ணுனதா போட்டிருக்குதுங்களே.”

பொற்கொடி நாக்கைக் கடித்தாள். “ஆமாங்க... நைட் ஷிஃப்டுங்க.”

“அதானுங்க வேண்டாங்கறேன். ராத்திரி கரண்டு நல்லா வரும். அதுல எந்த ஓட்ட மோட்டாரும் ஓடும். பகல் கரண்டுல ஓட்டிப் பாத்துக் குடுங்க. அதுல தண்ணி எடுத்தாத்தான் மோட்டாரு.”

அன்றைக்கு அடித்த சான்றிதழ்கள் எல்லாம் திரும்பி வந்தன. கடிகாரம் பழையபடி ஆனது.

புதன்கிழமை இரண்டாவது வைத்தியம். தோண்டித் துருவியதில் புரோகிராம் பேசும் வாக்கியங்களெல்லாம் ஒரே கோப்பில் வரிசையாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். ஏழாவது வரி: ‘ஏனுங்க, சாப்ட்டாச்சுங்களா?’ அந்த வரியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டால் வரும் பெட்டி வெற்றுப் பெட்டி. அதற்கப்புறம் யார் கேட்பது?

விரல் அழிக்கும் பொத்தான்மேல் இருந்தது. அழுத்த மனசு வரவில்லை. போனால் போகிறது, உள்ளேயே எங்காவது இருக்கட்டும் என்று, ஏழாவது வரியில் ஒரு வெற்று வரியை நுழைத்து, கேள்வியை ஒரு படி கீழே தள்ளிவிட்டாள்.

ஒன்றேகாலுக்குப் பெட்டி வந்தது. அதில் எழுத்தே இல்லை. வாய் திறந்து, பேச்சு வராதவர் மாதிரி நின்றது. பொத்தான்கள் மட்டும் இருந்தன. பழக்கதோஷத்தில் ‘இன்னும் இல்லீங்க’ என்பதை அழுத்திவிட்டுப் படிக்கட்டுக்குப் போனாள். காக்காய்களுக்கு அன்றைக்கு முட்டை வந்திருந்தது.

திரும்பி வந்து நூற்றுப்பன்னிரண்டு சான்றிதழ் அடித்து அனுப்பினாள். ஒன்றையும் படித்துப் பார்க்கவில்லை. பதினாலு மாதமாக ஒரே மாதிரி இருப்பதை யார் படிப்பது?

எட்டாவது வரி என்பது சான்றிதழின் கடைசி வரி. ‘இந்த பம்ப் முறையாகச் சோதிக்கப்பட்டது’ என்று வர வேண்டிய இடம்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு முதல் போன்.

“அம்மணி, அக்பர் அலி பேசறனுங்க. சாப்ட்டாச்சுங்க.”

“என்னங்க சார்?”

“கேட்டிருந்தீங்கல்ல. நேத்து மத்தியானம் எங்கூட்ல தேங்காச் சோறு. நீங்க சாப்ட்டீங்களா?”

அவள் சான்றிதழின் நகலை எடுத்துப் பார்த்தாள். குதிரைத் திறன், நீரேற்ற உயரம், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசியில், முத்திரைக்கு மேலே: ‘ஏனுங்க, சாப்ட்டாச்சுங்களா?’

போனை வைப்பதற்குள் அடுத்தது. மேட்டுப்பாளையம் ஜெரோம்.

“எனக்கு வந்தது ஒம்பது பம்புங்க. ஒம்பது தடவ கேட்டிருக்கீங்க. ஒரு மனுசன் ஒரு நாளைக்கு ஒம்பது தடவ திங்க முடியுங்களா?”

“மன்னிச்சுக்குங்க சார், அது தப்பா...”

“தப்பா எதுக்குங்க? கேட்டது நல்லதுதானுங்க. போன வருசம் ரெண்டு பம்பு புகைஞ்சு போனப்பகூட உங்க கம்பெனில இருந்து ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல. அதான் சொல்ல வந்தேன்.”

அடுத்தது, அடுத்தது என்று வந்துகொண்டே இருந்தது. ஒருவர் கம்பு தோசை என்றார். ஒருவர் சர்க்கரை இருப்பதால் சப்பாத்தி என்றார். அன்னூரில் கடை வைத்திருக்கும் லட்சுமணசாமி என்ற பெரியவர் மட்டும், “இல்லீங்க அம்மணி” என்றார்.

“என்னங்க?”

“சாப்பிடலீங்க. எங்க ஊட்டுக்காரி போனதுல இருந்து மத்தியானத்துக்கு உல வைக்கறதில்லீங்க. ஒருத்தனுக்காக என்னத்துக்குன்னு.”

பொற்கொடி “சாப்பிடுங்க” என்றாள்.

“செரிங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

மதியத்துக்குள் பத்தொன்பது பேர் பேசிவிட்டார்கள். கோயம்புத்தூருக்கு வந்த இந்தப் பதினாலு மாதத்தில் மொத்தமாகச் சேர்த்தால்கூட அவளோடு அத்தனை பேர் பேசியிருக்க மாட்டார்கள். இருபதாவது ஆள் மட்டும் அவளைக் கூப்பிடாமல் நேராகப் பெரிய முதலாளி வேங்கடசாமியைக் கூப்பிட்டுவிட்டார்.

கிஷன் கண்ணாடி அறையில் இருந்து சிவந்த முகத்தோடு வந்தான்.

“எங்கப்பாவுக்குப் போன் பண்ணி ஒருத்தரு சொல்றாரு, ‘உங்க பையன் இப்பத்தாங்க மனுசன் ஆயிருக்கான்’னு.”

“நல்லதுதானுங்களே சார்.”

“பொற்கொடி!”

“நான் ஒரு வரி தள்ளிட்டேன் சார். தப்பு என்னுதுதான்.”

“நூத்திப்பன்னண்டும் திருப்பி அடிக்கணும். நாளைக்கு ரெண்டு மணி லாரில போகணும். அப்புறம் அந்தச் சனியன அழிச்சுரு.”

“சார், இன்னொரு தடவ. தேதியும் செரியா வரும், கேள்வியும் வராது. செஞ்சு காட்டறேன்.”

“இனி ஒரு பொட்டி குதிச்சுதுன்னா அந்த மெஷினும் போகும்...”

“நானும் போவேன். அத நேரா சொல்லுங்க சார். ஷ்ரவ்யா மேடத்துகிட்ட இப்பவே சொல்லி வெச்சுருங்க, லெட்டர் அடிக்க வசதியா இருக்கும்.”

சொன்னபிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அவளுக்கு எப்போதும் அந்த வரிசைதான்.

மூன்றாவது வைத்தியம் உண்மையிலேயே நல்ல வைத்தியம். கேள்வியை ஏழாவது வரிக்கே திருப்பி ஏற்றினாள். பிறகு, எக்ஸ்பி திறந்ததும் அதன் கடிகாரம் அப்படியே நின்றுவிடும்படி செய்தாள். காலை பத்துக்குத் திறந்தால் உள்ளே நாள் முழுக்க மணி பத்து. தேதி சரி, நேரமும் கௌரவமான நேரம், பகல் கரண்ட். ஒன்றேகால் வரவே வராது. வியாழன் மதியம் சோதித்தாள். பன்னிரண்டு மணிக்குத் திறந்து பன்னிரண்டிலேயே நின்றது. கேள்வி வரவில்லை. சுவர்மேல் காக்காய்கள் வந்து, காத்திருந்து, ஒன்றையொன்று கொத்திக்கொண்டு பறந்துபோயின.

அவள் அன்றைக்குப் பன் சாப்பிடவில்லை. கேட்க ஆள் இல்லாதபோது சாப்பிட்டாலும் ஒன்றுதான், சாப்பிடாவிட்டாலும் ஒன்றுதான் என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு. ஜெனரேட்டர் பட்டறைக்கு மட்டும் ஓடியது. ஆபீஸுக்கு ஒரு மணிக்குத்தான் விட்டார்கள். பொற்கொடி பாய்ந்துபோய் மெஷினைப் போட்டாள். மேக்குக்குள் எக்ஸ்பி முழுசாக எழுந்து உட்காரக் கால்மணி நேரம் பிடிக்கும். வயசான உடம்பு. நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பச்சைக் குன்று தெரிந்தது. புரோகிராம் திறந்தது. கடிகாரம் சொன்ன பேச்சைக் கேட்டு அப்படியே நின்றது.

சரியாக ஒன்றேகாலில்.

‘ஏனுங்க, சாப்ட்டாச்சுங்களா?’

அழுத்தினாள். ஒரு சான்றிதழ் வந்தது. மறுபடியும், ‘ஏனுங்க, சாப்ட்டாச்சுங்களா?’ அழுத்தினாள். மறுபடியும். உள்ளே இனி எப்போதும் ஒன்றேகால்தான். ஒவ்வொரு சான்றிதழுக்கு முன்னாலும் அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். மூடித் திறக்கலாம் என்றால் இன்னொரு கால்மணி நேரம். லாரி வந்து நின்றுவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிஷன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

அவள் நாலே வரியில் ஒரு குட்டிப் புரோகிராம் எழுதினாள். பெட்டி வந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் அதுவே பொத்தானை அழுத்திக்கொள்ளும். எந்தப் பொத்தானை என்று ஒரு நொடி யோசித்தாள். ‘ஆச்சுங்க’ என்று போட்டிருக்கலாம். கடைசி நாளில் எதற்குப் பொய்? ‘இன்னும் இல்லீங்க’ என்றே போட்டாள்.

மெஷின் பறந்தது. ஒரு பெட்டிகூடத் தெரியவில்லை. ஒன்று ஐம்பதுக்கு நூற்றுப்பன்னிரண்டும் அடுக்காக இருந்தன. கடைசி வரி எல்லாவற்றிலும் ‘இந்த பம்ப் முறையாகச் சோதிக்கப்பட்டது’. கிஷன் வந்து ஐந்தாறை உருவிப் பார்த்தான். தலையாட்டினான். சிரிக்கக்கூட வந்தது அவனுக்கு.

“பாத்தியா, முடியும்ல?”

அப்போது வாசலில் சத்தம். மயிலாத்தாள் படியேறி மூச்சு வாங்க நின்றிருந்தாள். ஒரு கையில் மூடி போட்ட பெரிய போசி. மறு கையில் துளை போட்ட நீளக் காகிதம், மடிப்பு மடிப்பாக. அதன் வால் படிக்கட்டில் இன்னும் ஏறி வந்துகொண்டிருந்தது.

“ஏனுங்க, கோபாலசாமி அய்யன் டேபிள் எதுங்க?”

ஷ்ரவ்யா எழுந்தாள். “மயிலாத்தா, அவரு செத்து ரெண்டு வருசம் ஆச்சே.”

“தெரியுங்க. எழவுக்கே போய்ட்டு வந்தனுங்க. ஆனா அய்யனுக்கு இன்னிக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க. எப்பவும் ஒரு சீட்டோட நிறுத்திக்குவாரு. இன்னிக்கு வந்துட்டே இருக்குது. மெஷினு சூடாகிப் போச்சுங்க.”

“எந்தச் சீட்டு?” என்றான் கிஷன்.

“சமையக்கட்டுல அரிசி மூட்டைக்குப் பின்னால ஒரு பிரிண்டரு இருக்குதுங்கல்ல. உங்கப்பாரு வெச்சதுங்க. வேலை முடியாம, நேரத்துக்குச் சாப்பிட வராதவங்க அவங்கவங்க கம்ப்யூட்டர்லயே அழுத்திருவாங்க. இங்க பேரோட சீட்டு வரும். நாங்க ஒரு தட்டு எடுத்து வெச்சிருவோம். எல்லாரும் இந்த வெள்ளப் பொட்டிக்கு மாறுனதுல இருந்து ஒருத்தரு சீட்டும் வர்றதில்லீங்க. அய்யன் சீட்டு மட்டுந்தான் வருது.”

“தினமுமா?”

“ஞாயித்துக்கிழமை வராதுங்க. லீவு நாள்லயும் வராதுங்க, அந்தக் கணக்கெல்லாம் செரியா வெச்சிருக்காரு. இந்தச் செவ்வாக்கிழமையும் நேத்தும் வரல. அந்த ரெண்டு நாள் பசியயும் சேத்து இன்னிக்குக் கேக்கறாரோ என்னமோ. அதான் சோத்தப் போசியோட எடுத்துட்டு வந்துட்டேன்.”

கிஷன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். வெளிநாட்டில் படித்ததெல்லாம் முகத்தில் இருந்து இறங்கிவிட்டது.

“ஷ்ரவ்யா,” என்றான் மெதுவாக, “ஐயரக் கூப்புடு.”

பொற்கொடி எழுந்து போய் மயிலாத்தாள் கையில் இருந்த காகிதத்தை வாங்கினாள். மங்கலான புள்ளி எழுத்து. ‘கோபாலசாமி. இன்னும் இல்லீங்க. 1:15.’ அடுத்த வரியும் அதுவே. அதற்கடுத்ததும். எண்ண வேண்டியதில்லை. நூற்றுப்பன்னிரண்டு.

“ஐயர் வேண்டாங்க சார்” என்றாள். “அது கோபாலசாமி சார் இல்ல.”

“பின்ன?”

“நான்தான். அவரு பேருலதான் அந்த மெஷின் ஓடுது. ஒன்னேகாலுக்குச் சாப்ட்டாச்சான்னு கேக்கும். நான் சாப்பிட்டிருக்க மாட்டேன். அதனால இல்லைன்னு அழுத்துவேன். அழுத்தினா எங்கியோ போய்ச் சேரும்னு எனக்குத் தெரியாது.”

“தெனமுமா?” என்று கேட்டது ஷ்ரவ்யா.

“தெனமும்.”

ஷ்ரவ்யா அதற்கப்புறம் நிமிரவில்லை. கிஷன் மேக்கைப் பார்த்தான். அழிக்கச் சொன்ன பழைய சனியன் அதில் பச்சைக் குன்றோடு அமைதியாக இருந்தது. கேட்டில் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

மயிலாத்தாள் போசியை மேசைமேல் இறக்கி வைத்தாள். பொற்கொடியை உச்சியில் இருந்து உள்ளங்கால்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாகக் கேன்டீன் சுவரைப் பார்த்தாள். அங்கே காக்காய்கள் வரிசையாக, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, அவளுக்காகக் காத்திருந்தன.

“அடக் கண்ணு, அப்ப பதினாலு மாசமா நாங் காக்காய்க்கு வெச்சதெல்லாம் உன்ற சோறா?”